சின்ன வெங்காயத் தாளும் ஒரு காப்புரிமையும்

காப்புரிமை (பேட்டன்ட்) வாங்கிவிட்டால் தன் கண்டுபிடிப்பை யாரும் தொட முடியாது என்று நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. அது வெறும் காகிதம் என்று பேச்சையே தட்டிவிடுகிறவர்களும் உண்டு. கோவைப் பட்டறைகளில் இரு தரப்பாரையும் அடிக்கடி பார்க்கிறேன். கோவை கணபதிப் பகுதியில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். பம்பு உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்வதுதான் எங்களுக்குச் சோறு போடும் தொழில். அதற்கிடையே சின்ன வெங்காயத்தின் தாளை அறுக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, காப்புரிமையும் பெற்று, அதை வைத்து ஒரு வழக்குக்குப் பக்கத்தில்வரை போய் வந்திருக்கிறேன். இந்த வழியில் இனி வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயத்தை அறுவடை செய்ததும் தாளோடு காயவைத்துப் பட்டறை போட்டுவிடுவார்கள், அதாவது குவித்துச் சேமித்துவைப்பார்கள். விலை ஏறும்போது பிரித்து, தாளை அறுத்துச் சந்தைக்கு அனுப்புவார்கள். அறுக்கும் வேலை முழுவதும் பெண்களுடையது. நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து, தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அறுப்பார்கள். ஆள் கிடைக்காத வாரங்களில் நல்ல விலை இருந்தும் காய் பட்டறையிலேயே கிடக்கும்.

பெரிய வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஏற்கெனவே இயந்திரங்கள் இருந்தன. எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் தாளைப் பிடித்து இழுக்கும், அடியில் இருக்கும் கத்தி வெட்டும். சின்ன வெங்காயத்தில் இது எடுபடவில்லை. காய் சிறியது, ஒரே அளவில் இருப்பதில்லை, இரண்டு மூன்றாக ஒட்டியும் இருக்கும். உலர்ந்த தாள் இடுக்கில் இறங்காமல் மேலேயே புரளும், இறங்கினால் காயையும் சேர்த்து நசுக்கும். அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தாள் முதலில் இறங்கும் என்று எனக்குத் தோன்றியது. செய்து பார்த்தோம். தாள் இறங்கியது, ஆனால் மறுமுனையில், தாள் போன பிறகு, காயே இடுக்கில் சிக்கியது. எங்கள் வெல்டர் அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உறிஞ்சு பெட்டிக்குள் ஒரு தகட்டைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தார். "வாய்ப்பக்கம் இழுவை அதிகமாக இருக்கட்டும் தம்பி, போகப் போகக் குறையட்டும்" என்றார். அந்தத் தகடு உள்ளே போன பிறகுதான் இயந்திரம் வேலை செய்தது.

காப்புரிமை விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்பார்கள். முதலாளி தன் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வெல்டர் அண்ணன் பெயரையும் எழுதினேன். விண்ணப்பதாரர் நான், அவர் தன் உரிமையை எனக்கு மாற்றித் தருவதாக அதே படிவத்தில் கையெழுத்திட்டார். விற்கும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அவருக்கு ஒரு தொகை என்று தனியாக எழுதிக்கொண்டோம். நியாயம் என்பது ஒருபுறம். கண்டுபிடித்தவரிடமிருந்து முறைகேடாகப் பெறப்பட்டது என்று காட்டினால் காப்புரிமையை எதிர்க்கவும் ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நாளை ஒரு மனத்தாங்கலில் அவர் வேறு பட்டறைக்குப் போய்விட்டால், அவருடைய ஒரு வாக்குமூலம் போதும். கூட வேலை செய்கிறவருக்குச் சேர வேண்டியதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, வாயை மூடிக்கொண்டிருப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் பாக்கு உரிப்பதற்கு அருமையான ஓர் அமைப்பைச் செய்தார். ஓடுவதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார். விசாரிப்புகள் குவிந்தன. அந்த உற்சாகத்தில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் அவருடைய காணொளியையே, அது ஏற்றப்பட்ட தேதியோடு, அவருக்கு எதிரான ஆதாரமாக வைத்தார். விண்ணப்பிக்கும் முன்பே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது புதியதல்ல; அது நம் கையாலேயே தெரியவந்திருந்தாலும் இதுதான் கணக்கு. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சியில் வைத்தால் 12 மாத அவகாசம் போன்ற சில விலக்குகள் உண்டு. எல்லாக் கண்காட்சியும் அந்த வகையில் வராது. அதனால் நாங்கள் சோதனை ஓட்டத்தை ஒரு சொந்தக்காரரின் களத்துக் கொட்டகையில் வைத்துக்கொண்டோம். கைபேசியில் படம் எடுக்க யாரையும் விடவில்லை. தற்காலிக விவரணத்தோடு (கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகே வெளியே காட்டினோம்.

தற்காலிக விவரணம் என்பது சிறியவர்களுக்குக் கிடைத்த நல்ல வசதி. தனிநபர், புத்தொழில் நிறுவனம், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இணையவழியில் ₹1,600, மற்றவர்களுக்கு ₹8,000. விண்ணப்பித்த தேதி நமக்கு உறுதியாகிவிடும். முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஒருநாள் தவறினாலும் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, தற்காலிகம்தானே என்று இரண்டு பத்தி எழுதி அனுப்பினால், அந்த இரண்டு பத்தியில் உள்ளதற்கு மட்டுமே அந்தத் தேதி கிடைக்கும். தகட்டின் இடம், அதன் மாற்று வடிவங்கள், கைப்பட வரைந்த படங்கள் எல்லாவற்றையும் நாங்கள் முதலிலேயே சேர்த்தோம்.

முன்பே வந்த காப்புரிமை ஆவணங்களைத் தேடுவதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எஸ்பேஸ்நெட், கூகுள் பேட்டன்ட்ஸ், நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய மூன்று தேடுதளங்களும் இலவசம். சீன, ஜப்பானிய ஆவணங்கள்கூட இயந்திர மொழிபெயர்ப்பில் ஓரளவுக்குப் புரியும். படங்களுக்கு மொழியே வேண்டாம். இரவில் பட்டறையைப் பூட்டிய பிறகு பூண்டுக்கும் வெங்காயத்துக்கும் உலகத்தார் செய்திருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். காப்புரிமை அந்தந்த நாட்டுக்கு மட்டுமே செல்லும். இந்தியாவில் விண்ணப்பிக்கப்படாத ஒன்றை, அல்லது காலம் முடிந்த ஒன்றை, இங்கே செய்து இங்கேயே விற்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உருளைமேல் ஓடும் சுருள் விளிம்புக்கு நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இந்தியாவுக்கு வராத ஒரு வெளிநாட்டு ஆவணத்தில் அதன் கோணம் முதற்கொண்டு வரைந்திருந்தது. எடுத்துக்கொண்டோம். காப்புரிமை முறையால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் எது என்று கேட்டால், என் சான்றிதழுக்கு முன்னால் இந்த ஆவணக் கிடங்கைச் சொல்வேன். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை வெளியே எழுதிவைக்க வேண்டும், அதற்கு ஈடாக 20 ஆண்டு அவருக்கு மட்டுமே உரிமை என்பதுதான் இந்த ஒப்பந்தம். எழுதிவைத்ததைப் படிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. நம் ஊரில் படிப்பவர்கள் மிகக் குறைவு.

விண்ணப்பத்தின் உயிர் உரிமைக்கோரல்களில் இருக்கிறது. முன்னால் உள்ள பக்கங்களில் எவ்வளவு அழகாக விளக்கினாலும், கடைசியில் எண் போட்டு எழுதும் அந்த வாக்கியங்கள்தான் நமக்குச் சொந்தமான நிலத்தின் எல்லைக்கல். நாங்கள் செய்த இயந்திரத்தில் உறிஞ்சு பெட்டி தகடுகளால் மூன்று அறைகளாகப் பிரிந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்த குறிப்பிலும் மூன்று அறை என்றே இருந்தது. எங்கள் காப்புரிமை முகவர் அதைப் படித்துவிட்டு, "சார், இரண்டு அறை வைத்தால் ஓடாதா?" என்று கேட்டார். ஓடும், கொஞ்சம் காய் வீணாகும் என்றேன். "அப்படியானால் உங்களைக் காப்பியடிக்கிறவர் இரண்டு அறைதான் வைப்பார்" என்றார். அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்து, என் இயந்திரத்தை மலிவாக, மட்டமாக, ஆனால் ஓடும்படியாகச் செய்ய எத்தனை வழி உண்டு என்று எழுதினோம். கண்டுபிடித்தவர் இந்த வேலையைத் தானே செய்ய வேண்டும்; முகவருக்கு இயந்திரம் தெரியாது. முகவர் கட்டணம் அரசுக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு வந்தது. அந்த ஒரு கேள்விக்கே அது தகும்.

வழக்கமாக 18 மாதம் கழித்து வெளியிடப்படும் விண்ணப்பத்தை, ₹2,500 கட்டி முன்கூட்டியே வெளியிடச் செய்தோம். காரணம் இருக்கிறது. காப்புரிமை கிடைத்த பிறகுதான் வழக்குப் போட முடியும் என்றாலும், இழப்பீட்டை வெளியான நாளிலிருந்து கணக்கிட்டுக் கேட்கலாம். பரிசோதனைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனிநபருக்கு ₹4,000. இதை மறந்து விண்ணப்பத்தை இழந்தவர்கள் உண்டு. முன்பு இதற்கு 48 மாதம் இருந்தது. 2024 மார்ச் 15 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு 31 மாதம்தான். சிறு நிறுவனங்களும் பெண் விண்ணப்பதாரர்களும் ₹8,000 கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கும் வாய்ப்பு 2019இல் வந்தது. 2018இல் போட்ட நாங்கள் சாதாரண வரிசையில் நின்றோம்.

முதல் பரிசோதனை அறிக்கை வந்தபோது வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிட்டது. ஏறக்குறைய எல்லா உரிமைக்கோரல்களுக்கும் ஆட்சேபம். ஒரு பூண்டு இயந்திரத்தையும் ஒரு காற்று உறிஞ்சு அமைப்பையும் காட்டி, இரண்டையும் சேர்த்தால் உங்களுடையது வந்துவிடுகிறதே என்று கேட்டிருந்தார்கள். கூடவே பிரிவு 3(எஃப்): தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்தனியாகச் செய்யும்படி, வெறுமனே அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. பட்டறைக் கண்டுபிடிப்புகள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். இந்த அறிக்கை தண்டனைத் தீர்ப்பு அல்ல, பேச்சுவார்த்தையின் தொடக்கம். பதில் சொல்ல ஆறு மாதம் உண்டு. எங்களைக் காப்பாற்றியது எங்கள் சோதனைக் குறிப்பேடு. தகடு இல்லாமல் எவ்வளவு காய் நசுங்கியது, தகடு வைத்த பிறகு எவ்வளவு என்று தேதி போட்டு எழுதிவைத்திருந்தோம். உருளையும் உறிஞ்சலும் சேரும்போது தனித்தனியாகக் கிடைக்காத ஒரு பலன் வருகிறது என்பதற்கு அதுவே சான்று. காணொளி வழியாக நடந்த விசாரணையில் முதல் உரிமைக்கோரலைச் சுருக்கி, நீளவாக்கில் இழுவை குறையும் குறைந்தது இரண்டு அறைகள் என்று நிறுத்திக்கொண்டோம்.

எதிர்ப்பு மனு யாராவது போடுவார்களோ என்ற கவலை வழிநெடுக இருந்தது. வெளியான விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எங்கள் விண்ணப்பம் போன சென்னை அலுவலகத்தில்தான் நோவார்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் புற்றுநோய் மருந்து விண்ணப்பம், நோயாளிகள் அமைப்பும் மருந்து நிறுவனங்களும் எதிர்த்த நிலையில், 2006இல் நிராகரிக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த வழியை மூடிவிடக் கூடாது என்றே நினைக்கிறேன், என் விண்ணப்பத்துக்கு அது ஆபத்தாக இருந்தபோதும். எங்களை யாரும் எதிர்க்கவில்லை. 2022இல் காப்புரிமை கிடைத்தது. கிடைத்தவுடன், காத்திருந்த ஆண்டுகளுக்கான புதுப்பிப்புக் கட்டணத்தையும் சேர்த்து மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும். சான்றிதழைக் கொண்டாடும் மும்முரத்தில் இது நழுவிவிடும், கவனம்.

அதன் பிறகு நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. வங்கியில் கடன் கேட்டபோது சான்றிதழைப் பார்த்துவிட்டு, நிலப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். வாங்க வந்த விவசாயிகள் யாரும் காப்புரிமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெல்ட் அறுந்தால் அன்றைக்கே வருவீர்களா என்றுதான் கேட்டார்கள்.

அடுத்த ஆண்டே பக்கத்து மாவட்டப் பட்டறை ஒன்று அதே போன்ற இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு விற்கத் தொடங்கியது. ஒரு விவசாயி வாங்கியதைத் திறந்து பார்த்தோம். உறிஞ்சு பெட்டியில் ஒரே அறை. ஆனால் உள்ளே சாய்வாக இரண்டு தகடுகள். அது ஓர் அறையா, மூன்று அறைகளா? வழக்கின் முழு எடையும் இதன்மேல் வந்து நிற்கும் என்றார் வழக்கறிஞர். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். எதிராளி, உன் காப்புரிமையே செல்லாது என்று எதிர்க்கோரிக்கை வைத்தால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். செலவு பல லட்சம் ஆகும், ஆண்டுக்கணக்கு சொல்ல முடியாது. பெரிய நிறுவனங்களுக்கே இது நடந்திருக்கிறது. இரட்டைத் தீப்பொறிப் பிளக் எஞ்சின் குறித்து பஜாஜுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், இடைக்காலத் தடைமீதான சண்டையே 2009இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படிப்பட்ட வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அப்போதே சொன்னது.

நோட்டீஸ் அனுப்புவதிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டப்பட்டவரே நம்மீது வழக்குத் தொடரலாம். எனவே கோபத்தை இறக்கிவைத்துவிட்டு, எங்கள் காப்புரிமை எண், உரிமைக்கோரல், அவர்கள் இயந்திரத்தின் படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமைதியான ஒரு கடிதம் அனுப்பினோம். அவர்களும் வழக்கறிஞரிடம் போயிருக்கிறார்கள். அவரும் அதே செலவுக் கணக்கைச் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவர் மூலம் பேச்சு வந்தது. "அண்ணா, எங்களுக்கும் பத்துக் குடும்பம் இருக்கிறது" என்றார் அந்தப் பட்டறைக்காரர். ராயல்டி என்றால் கணக்கில் தகராறு வரும். அவர் செய்யும் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உருளை ஜோடியையும் உறிஞ்சு பெட்டியையும் எங்களிடமே வாங்குவது, பதிலுக்கு நாங்கள் உரிமம் தருவது என்று பத்திரத்தில் எழுதி முடித்தோம். இன்றுவரை ஓடுகிறது. காப்புரிமை இல்லாமல் இருந்திருந்தால் அவர் அந்த மேசைக்கு வந்திருக்கவே மாட்டார்.

இப்படிப்பட்ட முறை புதுமையை வளர்க்கிறதா என்று கேட்டால், எனக்கு ஒரே பதிலாகச் சொல்லத் தெரியவில்லை. கோவையின் பம்பும் கிரைண்டரும் வளர்ந்தது பார்த்துச் செய்ததால். ஒரு பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர் விலகி அடுத்த தெருவில் தனியாகத் தொடங்குவார், கொஞ்சம் மாற்றிச் செய்வார். அங்கிருந்து இன்னொருவர் கிளம்புவார். நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். அன்றைக்கு ஒவ்வொருவரும் பூட்டுப் போட்டிருந்தால் இத்தனை பட்டறைகள் இருந்திருக்காது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எந்திரக் காப்புரிமை 1769இல் வந்தது. நாடாளுமன்றம் அதை 1800வரை நீட்டிக் கொடுத்தது. அந்தக் காலம் முழுவதும் மற்றவர்கள் அவரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. அதே வாட், 1780இல் பிக்கார்ட் என்பவர் கிராங்க் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றுவிட்டதால், சுழலியக்கத்துக்குச் சுற்றுவழியாகப் பற்சக்கர அமைப்பு ஒன்றைப் போட்டார். லேத்தில் நிற்கும் எவருக்கும் இதன் வலி புரியும். ஆனால் இரண்டு மூன்று வெங்காயப் பருவத்தை, இரும்பை, கூலியைச் செலவழித்து ஒருவர் கண்டுபிடித்ததை, ஒரு இயந்திரத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்து ஒரே மாதத்தில் செய்துவிடலாம் என்றால், அடுத்த முறை அவர் எதற்காகச் செலவழிப்பார்?

அதனால் இப்போது எங்கள் பட்டறையில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிவுசெய்கிறோம். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுவதும், சந்தையில் சில ஆண்டுகளாவது நிற்கக்கூடியதும் காப்புரிமைக்குப் போகும். வெளித்தோற்றம் மட்டும் புதியது என்றால் வடிவமைப்புப் பதிவு போதும். தனிநபருக்கு ₹1,000, பத்து ஆண்டு, மேலும் ஐந்து நீட்டிக்கலாம். கத்தியைப் பதப்படுத்தும் முறை பிரித்துப் பார்த்தால் தெரியாது. அதை எழுதி வெளியிடுவதில் பயனில்லை, பட்டறைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். சின்னச் சின்ன மாற்றங்களைத் தாராளமாக விட்டுவிடுகிறோம். ஏழாம் ஆண்டு முதல் புதுப்பிப்பு ஆண்டுக்கு ₹800இலிருந்து ₹2,400 ஆகிறது. உருளை ஆர்டர் வரும்வரை கட்டுவோம்.

இரண்டு காரியங்களை அரசு செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். ஜெர்மனி, ஜப்பான், சீனா போன்ற நாடுகளில் சிறு மேம்பாடுகளுக்குக் குறுகிய காலப் பயன்பாட்டு உரிமை என்று தனி வகை இருக்கிறது. நம் நாட்டில் இல்லை. கணபதியிலும் பீளமேட்டிலும் நடக்கும் புதுமையில் பெரும்பகுதி அந்த அளவிலானது. 20 ஆண்டு உரிமைக்கான தேர்வில் அது தோற்கும், தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது. இரண்டாவது, மொழி. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே இருக்க வேண்டும். அந்தத் தகட்டை ஏன் அங்கே வைத்தேன் என்று வெல்டர் அண்ணன் தமிழில் சொன்னபோது அதில் ஒரு குழப்பமும் இல்லை. அதை நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி, முகவர் தன் ஆங்கிலத்தில் திருத்தி, பரிசோதகர் படித்தபோது, கண்டுபிடித்தவரால் தன் பெயரிலுள்ள ஆவணத்தில் ஒரு வரியைக்கூடச் சரிபார்க்க முடியவில்லை. தற்காலிக விவரணத்தையாவது தமிழில் கொடுத்து, அந்தத் தேதியைப் பெற்றுக்கொண்டு, முழு விவரணத்தின்போது மொழிபெயர்ப்பைச் சேர்க்க அனுமதிக்கலாம். 12 மாத அவகாசம் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.